தாண்டிப் போகப்பட்ட தீவுகள்

பசிபிக் போர் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே மாதிரியான காட்சிதான் மனதில் ஓடும். கடற்கரையில் அமெரிக்கப் படகுகள் வந்து மோதும், குகைக்குள்ளிருந்து ஜப்பானிய சிப்பாய்கள் சுடுவார்கள், கடைசியில் கத்தியை உருவிக்கொண்டு "பன்சாய்" என்று கத்தியபடி ஓடிவந்து செத்து விழுவார்கள். இவோ ஜிமா, சைபன், தராவா பற்றி வந்த படங்களும் ஆவணப்படங்களும் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின.

இந்தக் கட்டுரை அந்த மாதிரித் தீவுகளைப் பற்றியது அல்ல. சண்டையே நடக்காத தீவுகளைப் பற்றியது.

மேற்கு பசிபிக்கில் கரோலின் தீவுக்கூட்டத்தில் வோலியாய் என்று ஓர் இடம் இருக்கிறது. ஜப்பானியர்கள் அதை மெரேயான் என்று அழைத்தார்கள். போர் முடியும்வரை அங்கே ஓர் அமெரிக்கப் படைப்பிரிவுகூடக் கரையிறங்கவில்லை. 1944இல் அங்கே இருந்த ஜப்பானியப் படையினர் ஏறத்தாழ 6,500 பேர். 1945 செப்டம்பரில் அவர்களை ஏற்றிச்செல்ல ஒரு கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,600 பேர்தான்.

மீதிப் பேரைக் கொன்றது யார்? விமானக் குண்டுவீச்சில் செத்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் பசியாலும், பசியோடு சேர்ந்து வரும் நோய்களாலும் செத்தவர்கள். நவீன ஆயுதங்களோடு, சீருடையோடு, எதிரிக்காகப் பதுங்குகுழியில் காத்துக்கொண்டிருந்த ஒரு ராணுவம், எதிரி வராததாலேயே செத்துப்போனது. முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு எண்களில் ஏதோ அச்சுப்பிழை என்றுதான் தோன்றியது.

சரி, முதலிலிருந்து வருவோம். ஜப்பான் அவ்வளவு தூரத்துத் தீவுகளுக்கு எப்படிப் போனது?

முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914இல், ஜெர்மனி வசம் இருந்த மரியானா, கரோலின், மார்ஷல் தீவுகளை ஜப்பானியக் கடற்படை சுலபமாகக் கைப்பற்றிவிட்டது. போர் முடிந்ததும் சர்வதேச சங்கம் அந்தத் தீவுகளை ஜப்பானின் பொறுப்பில் விட்டது. கோட்டை கொத்தளம் கட்டக்கூடாது என்பது நிபந்தனை. 1922இல் பலாவில் உள்ள கொரோரில் ஒரு நிர்வாகத் தலைமையகம் அமைந்தது. கரும்பு ஆலை, கொப்பரை வியாபாரம், மீன்பிடி, பள்ளிக்கூடம் என்று ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். 1930களின் பிற்பகுதியில் மொத்தமாகப் பார்த்தால் தீவுவாசிகளைவிடக் குடியேறியவர்கள் அதிகம். 1933இல் சர்வதேச சங்கத்திலிருந்து விலகுவதாக ஜப்பான் அறிவித்தபிறகு நிபந்தனையை யார் மதிப்பது? விமான ஓடுதளங்கள் முளைத்தன.

1941 டிசம்பரில் போர் தொடங்கியபின் இந்தத் தீவுகள்தான் ஜப்பானின் வெளிச்சுவர். திட்டம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தீவும் மூழ்காத விமானந்தாங்கிக் கப்பல். எதிரி ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ரத்தம் சிந்த வேண்டும், கடைசியில் களைத்துப்போய்ச் சமாதானம் பேச வருவான்.

இந்தத் திட்டத்தில் ஒரே ஓட்டை: எதிரி ஒவ்வொரு தீவையும் பிடிக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

1943 நவம்பரில் அமெரிக்கர்கள் தராவாவில் இறங்கினார்கள். சண்டை நடந்த பெத்தியோ தீவு ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. மூன்று நாலு நாட்களில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க மரைன்கள் இறந்தார்கள். ஜப்பானிய தரப்பில் தொழிலாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ 4,700 பேர். அவர்களில் பிடிபட்ட ஜப்பானியர்கள் 17 பேர், கொரியத் தொழிலாளர்கள் 129 பேர். கரையில் மிதந்த உடல்களின் புகைப்படங்களைப் பார்த்து அமெரிக்காவில் பெரிய அதிர்ச்சி. ஒரு சின்ன மணல்திட்டுக்கு இந்த விலையா என்று கேள்வி எழுந்தது.

அடுத்து மார்ஷல் தீவுகள். ஜப்பானியர்கள் எதிர்பார்த்தது வெளிவிளிம்பில் இருந்த வோட்ஜே, மாலோஎலாப், மிலி, ஜாலுயிட் ஆகியவற்றின் மீதான தாக்குதலை. அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் அவற்றை அப்படியே விட்டுவிட்டு 1944 ஜனவரி கடைசியில் நடுவே இருந்த குவாஜலீனுக்குப் போய்விட்டார். பிப்ரவரியில் எனிவெடோக். அதே மாதம் 17, 18 தேதிகளில் ஜப்பானியக் கடற்படையின் பெரிய தளமான ட்ரூக்கின் மீது விமானத் தாக்குதல். நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அங்கே மூழ்கின. ட்ரூக்கைப் பிடிக்கவும் இல்லை. உடைத்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். தவளை போல ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு.

தாண்டப்பட்ட தீவில் இருப்பவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவனுடைய விமானங்கள் போய்விட்டன. கப்பல் வந்தால் நீர்மூழ்கி மூழ்கடித்துவிடும். அவன் எங்கும் போக முடியாது. ஆனால் அவனிடம் பீரங்கி இருக்கிறது, தோட்டா இருக்கிறது, வரப்போகும் எதிரியை எதிர்த்துக் கடைசிவரை நிற்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது.

டோக்கியோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 1943 செப்டம்பர் 30 அன்றே அவர்கள் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். 'கட்டாயம் காக்க வேண்டிய தேசியப் பாதுகாப்பு வட்டம்' என்று அதற்குப் பெயர். மரியானா தீவுகள், கரோலினின் மேற்கும் நடுவும், மேற்கு நியூ கினி எல்லாம் கோட்டுக்கு உள்ளே. மார்ஷல் தீவுகள், கில்பர்ட் தீவுகள், ரபௌல் எல்லாம் கோட்டுக்கு வெளியே. வெளியே இருந்தவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்களா? இல்லை. இருக்கிற இடத்திலேயே இருந்து உள்கோட்டுக்கு அவகாசம் வாங்கித் தர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை.

பசி என்னும் ஆபத்தும் புதிதல்ல. குவாடல்கனாலில் 1942 ஆகஸ்டிலிருந்து 1943 பிப்ரவரி வரை நடந்த சண்டையில் முப்பதாயிரத்துச் சொச்சம் ஜப்பானியப் படையினர் இறங்கினார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பகுதி பட்டினியும் நோயும். ஜப்பானியச் சிப்பாய்களே அந்தத் தீவின் பெயரில் முதல் அசையை எடுத்து, 'பட்டினி' என்று பொருள்படும் எழுத்தை அதில் போட்டு, 'கா-தோ' (பட்டினித் தீவு) என்று அழைத்தார்கள். கறுப்பு நகைச்சுவை! ஆக, கடல்வழி அறுந்தால் தீவில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பது 1943 தொடக்கத்திலேயே தலைமையகத்துக்கு நன்றாகத் தெரியும்.

நினைத்தால் மீட்கவும் முடிந்திருக்கிறது. வடக்கே அலூஷியன் தீவுக்கூட்டத்தில் கிஸ்காவில் இருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரை 1943 ஜூலை 29 அன்று மூடுபனிக்குள் கப்பல்களைக் கொண்டுபோய் ஒரே தடவையில் ஏற்றி வந்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் இரண்டு வாரம் கழித்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான படையோடு இறங்கிப் பார்த்தால் தீவில் ஆளே இல்லை.

இப்போது மெரேயானுக்குத் திரும்புவோம். அங்கே ராணுவத்தின் பெரும்பகுதி போய் இறங்கியது 1944 ஏப்ரலில். தேதியைக் கவனியுங்கள். ட்ரூக் நொறுங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த ஏப்ரல் முதல் தேதியே அமெரிக்க விமானந்தாங்கிகள் மெரேயானைத் தாக்கியிருந்தன. தளபதி மேஜர் ஜெனரல் கிதாமுரா கட்சுசோ. ராணுவமும் கடற்படையும் ஏறக்குறையப் பாதிப் பாதி.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். இது மலையும் காடும் ஆறும் உள்ள தீவு அல்ல. நடுவே அமைதியான நீர்ப்பரப்பு, அதைச் சுற்றி மாலை போலச் சின்னச் சின்னப் பவளத் திட்டுகள். எல்லாத் திட்டுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு நாலரை சதுர கிலோமீட்டர்தான். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம். மண் என்று சொல்லிக்கொள்ள மெல்லிய ஓர் அடுக்கு, அதன் கீழே பவளச் சுண்ணாம்பு மணல். ஆறு கிடையாது. மழைநீரும், மணலுக்கடியில் உப்புநீர் மேல் மிதக்கும் கொஞ்சம் நன்னீரும்தான் ஆதாரம்.

அங்கே மனிதர்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துதான் வந்தார்கள். தென்னை, ஈரப்பலா, தாழை, குழி தோண்டி இலைதழை போட்டு மண்ணை உண்டாக்கி வளர்க்கும் சேப்பங்கிழங்கு வகை, மீன். ஆனால் அது சில நூறு பேருக்கான ஏற்பாடு. ஒரு குழியைத் தயார் செய்யத் தலைமுறைகள் ஆகும். அந்த இடத்தில் 6,500 பேரைக் கொண்டுபோய் இறக்கினால்? போதாக்குறைக்கு, விமான ஓடுதளத்துக்காகத் தென்னந்தோப்பை வெட்டினார்கள். மிஞ்சியதைக் குண்டுவீச்சு சாய்த்தது. தீவின் சொந்தக்காரர்களை அவர்களுடைய ஊரிலிருந்து கிளப்பி வேறு திட்டுகளுக்கு அனுப்பினார்கள்.

1944 ஜூலையில் சைபன் விழுந்தது. அதோடு மெரேயானுக்கு எந்த ராணுவ மதிப்பும் இல்லை. அமெரிக்கர்களும் வரப்போவதில்லை, ஜப்பானியக் கப்பலும் வரப்போவதில்லை. எப்போதாவது ஒரு நீர்மூழ்கி இரவில் வந்து கொஞ்சம் அரிசியை இறக்கிவிட்டுப் போகும். அந்த வருகைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். சோற்றின் அளவு மாதாமாதம் குறைந்தது. பிறகு கஞ்சி. பிறகு கஞ்சியில் இலை. பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட்டார்கள். பவள மணலில் விளைந்தது கொஞ்சம். எலி, பல்லி, ஓணான், நத்தை எல்லாம் தீர்ந்தன. மீன் பிடிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். படகு வெளியே தெரிந்தால் விமானம் சுடும். வலையும் தூண்டிலும் போதுமான அளவில் இல்லை. ஆறு மாதம் அரைவயிற்றோடு கிடந்தவனுக்கு அலையில் நின்று வலை இழுக்கத் தெம்பும் இல்லை.

பட்டினிச் சாவு ஒரே நாளில் வருவதல்ல. முதலில் கால் வீங்கும் (பெரிபெரி). பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு சீதபேதியோ, சாதாரண உடம்பு தாங்கிவிடும் வேறு ஏதோ ஒன்றோ வந்து முடித்துவைக்கும். ஆவணத்தில் 'நோயால் மரணம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்திய இடம் இனிதான் வருகிறது. மெரேயானில் இருந்த ராணுவத்தினரின் சாவைப் பதவிவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதிகாரிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சாதாரண சிப்பாய்களில் இறந்தவர்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். இருவருக்கும் இடைப்பட்ட பதவிக்காரர்கள் எண்ணிக்கையிலும் இடையில் நிற்கிறார்கள். படிக்கட்டு மாதிரி!

குண்டு மேலிருந்து விழுந்தால் பதவி பார்த்து விழாது. கொசுவும் தோள்பட்டையில் நட்சத்திரம் எத்தனை என்று எண்ணிக் கடிக்காது. அப்படியானால் இந்தப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது? அதிகாரிக்கு ஒரு பங்கு சோறு கூடுதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழி வெட்டுவது, தோட்டம் கொத்துவது, சுமை தூக்குவது, பிணம் புதைப்பது எல்லாம் சிப்பாய். ஒரே அளவு கஞ்சியைக் குடித்தாலும் மண்வெட்டி பிடிப்பவன்தான் முதலில் விழுவான். அதோடு, கடைசிக் கட்டத்தில் அழைக்கப்பட்ட சிப்பாய்களில் பலர் இளைஞர்கள் அல்ல, முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், மூன்றில் ஒன்றுக்கும் ஐந்தில் நான்குக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பங்கீட்டில் நடந்த அநியாயம் இல்லாமல் விளக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். பசியில் உணவைத் திருடிய சிப்பாய்களுக்குக் கொடுத்த தண்டனைகளைப் பற்றியும் உயிர்தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருப்பவனைக் கட்டிப்போட்டால் அதுவே மரண தண்டனை.

தளபதி கிதாமுரா உயிரோடு ஊர் திரும்பினார். 1947 ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார்.

மெரேயான் மட்டும்தான் இப்படி என்றால் ஒரு தளபதியின் தவறு என்று விட்டுவிடலாம். மார்ஷல் தீவுகளில் தாண்டப்பட்ட தளங்களைப் பாருங்கள். வோட்ஜேயிலும் மாலோஎலாப்பிலும் தலா மூவாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஐயாயிரம் பேர் இருந்த மிலியில் ஏறக்குறையப் பாதி.

அமெரிக்கர்களுக்கு இந்தத் தீவுகள் பயிற்சி மைதானம் ஆகிவிட்டன. புதிதாக வந்த விமானிகளுக்குக் குண்டு போட்டுப் பழக உயிருள்ள இலக்கு. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்து உலகப்புகழ் பெற்ற சார்ல்ஸ் லிண்ட்பர்கைத் தெரியும் அல்லவா? அவர் 1944 செப்டம்பரில் மார்ஷல் தீவுகளில்தான் இருந்தார், ராணுவப் பதவியில் அல்ல, விமான நிறுவனத்தின் ஆலோசகராக. கோர்சேர் விமானம் அதிகபட்சம் எத்தனை பவுண்டு குண்டைச் சுமந்து பறக்கும் என்று சோதித்துப் பார்த்தார். சோதனைக் குண்டுகள் போய் விழுந்த இடங்களில் வோட்ஜேயும் ஒன்று. கீழே இருந்தவர்கள் அப்போது எலி பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கீழே இருந்தவர்கள் என்று சொல்லும்போது சிப்பாய்களை மட்டும் நினைத்துவிடக் கூடாது. அங்கே மார்ஷல் தீவுக் குடும்பங்கள் இருந்தன. சொந்தத் தென்னையில் தேங்காய் பறித்தால் குற்றம் என்று ஆகிவிட்ட நிலை. அமெரிக்கர்கள் இரவில் படகில் வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டு அவர்களை ஏற்றிச் சென்றார்கள். தப்ப முயன்று பிடிபட்டவர்கள், உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மிலியைச் சேர்ந்த ஒரு சிறு தீவில் 1945 தொடக்கத்தில் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தங்களில் காணாமல் போனவர்களின் உடல்கள் என்ன ஆயின என்று தெரிந்துகொண்டதுதான் கிளர்ச்சிக்குக் காரணம் என்பது உயிர்தப்பியவர்களின் வாக்குமூலம். (இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.) பக்கத்துத் தீவிலிருந்து ஜப்பானியப் படை வந்து சுட்டுத்தள்ளியது. பின்னாளில் தென் கொரிய அரசு அமைத்த ஆய்வுக் குழு இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது.

தன் வயிறு காயும்போது முதலில் வெட்டுவது அடுத்தவன் வாயைத்தான். நவ்ரு தீவு இதற்கு இன்னோர் உதாரணம். அங்கே 1943இல் ஜப்பானியப் படை, தீவு மக்களில் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றி ட்ரூக்குக்கு அனுப்பியது. தொழுநோயாளிகள் 39 பேரைத் தனிப்படகில் ஏற்றி நடுக்கடலில் மூழ்கடித்தது. ட்ரூக்கும் பட்டினி கிடக்கும் இடம்தான். போனவர்களில் 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பினார்கள். பிற்பாடு 1968இல் நவ்ரு சுதந்திரம் பெற்றபோது அதே ஜனவரி 31ஐத்தான் சுதந்திர நாளாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேக் தீவின் கதையைப் பலர் படித்திருப்பீர்கள். 1941 டிசம்பர் 23 அன்று அமெரிக்கர்களிடமிருந்து ஜப்பான் பிடித்த தீவு. அங்கே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கச் சிவிலியன் தொழிலாளர்களில் 98 பேரைக் கட்டுமான வேலைக்காக வைத்துக்கொண்டார்கள். 1943 அக்டோபரில் அமெரிக்க விமானத் தாக்குதல் நடந்ததும், அடுத்து படையிறங்கும் என்று பயந்த தளபதி சகாய்பாரா, 7ஆம் தேதி அத்தனை பேரையும் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார். ஒருவர் மட்டும் தப்பி, பவளப் பாறையில் '98 அமெரிக்கக் கைதிகள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் செதுக்கி, தேதியும் போட்டுவிட்டுப் பிறகு பிடிபட்டார். அவர் தலையைச் சகாய்பாராவே வெட்டினார். அந்தப் பாறை இன்றும் இருக்கிறது. சகாய்பாரா 1947இல் குவாமில் தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் அமெரிக்கப் படை வேக்கில் இறங்கவே இல்லை! நாலாயிரம் பேர் அளவுக்கு இருந்த ஜப்பானியப் படையும் மற்றத் தீவுகளைப் போலவே பட்டினியில் கிடந்தது. வேக் தீவில் மட்டுமே வாழ்ந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னப் பறவை இருந்தது. கோழிக்குஞ்சு மாதிரி தரையில் ஓடும். 1944க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஒன்றுவிடாமல் பிடித்துத் தின்றுவிட்டார்கள். ஓர் இனத்தின் அழிவுக்கு இவ்வளவு நேரடியான காரணம் பதிவாகியிருப்பது அபூர்வம். 1945 நடுவில் தகாசாகோ மாரு என்ற மருத்துவமனைக் கப்பலை அமெரிக்கர்கள் வேக்குக்குப் போக அனுமதித்தார்கள். வழியில் நிறுத்திச் சோதனை போட்டுவிட்டுத்தான் விட்டார்கள். திரும்பும்போது அதில் 974 நோயாளிகள் இருந்தார்கள். செப்டம்பரில் மெரேயானில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு ஜப்பானின் பெப்பு துறைமுகத்துக்குப் போனதும் அதே கப்பல்தான்.

எல்லாத் தாண்டப்பட்ட தளங்களும் இப்படி ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ பிரிட்டன் தீவில் ரபௌல் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள். அது எரிமலை மண், பெரிய தீவு. ஜெனரல் இமாமுரா ஹிதோஷி முன்கூட்டியே எல்லாரையும் விவசாயத்தில் இறக்கினார். குகைகளைத் தோண்டிச் சரக்கைப் பத்திரப்படுத்தினார். பெரும்பாலான படையினர் உயிரோடு திரும்பினார்கள். (அங்கேயும் உழைப்பின் ஒரு பகுதி கைதிகளுடையது. சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே கொண்டுபோகப்பட்டு வேலை வாங்கப்பட்டார்கள். அவர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.) நல்ல தளபதி, நல்ல மண் இரண்டும் சேர்ந்தால் ரபௌல். மெரேயானுக்கு எந்தத் தளபதியை அனுப்பியிருந்தாலும் மண்ணை மாற்றியிருக்க முடியாது. சாவை இன்னும் சமமாகப் பங்கிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

பின்னே ஏன் சரணடையவில்லை? எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பலில் இருக்கிறான், அவனிடம் சோறு இருக்கிறது. 1941 ஜனவரியில் டோஜோ ஹிதேகியின் பெயரால் எல்லாப் படையினருக்கும் வெளியான போர்க்கள நடத்தை விதி, கைதியாகும் அவமானத்தோடு உயிர்வாழக் கூடாது என்று சொன்னது. கைதியானவனின் குடும்பம் ஊரில் தலைநிமிர முடியாது என்ற பயமும் இருந்தது. சில பேர் நீந்திப் போய்ச் சரணடைந்தார்கள்தான். பெரும்பாலோருக்கு அந்த எண்ணமே வரக்கூடாத எண்ணமாகப் பழக்கப்பட்டிருந்தது. தளபதிகளுக்கோ மேலிட உத்தரவு இல்லாமல் ஆயுதத்தைக் கீழே வைக்க வழியே இல்லை. பேரரசரின் வானொலி உரை வந்தது 1945 ஆகஸ்ட் 15. மிலி சரணடைந்தது ஆகஸ்ட் 22. ஒரே வாரம்! உத்தரவு வந்திருந்தால் 1944 ஜூலையிலும் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

இங்கே அமெரிக்கர்களின் பங்கு என்ன என்று சிலர் கேட்கலாம். முற்றுகை போட்டுப் பட்டினியால் கொல்வதும் கொலைதானே? நியாயமான கேள்விதான். ஆனால் முற்றுகையை முடிக்கும் சாவி எப்போதும் டோக்கியோவின் பையில் இருந்தது. வணிகக் கப்பல்களைக் காக்கத் தனித் தலைமையகம் அமைக்கவே 1943 நவம்பர்வரை காத்திருந்த கடற்படை, அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்களைப் பவள மணலில் இறக்கியது.

புஜிவாரா அகிரா என்ற வரலாற்றாசிரியர், தானே சீனாவில் ராணுவ அதிகாரியாக இருந்தவர், 2001இல் இதைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். அவர் கணக்கில், போரில் இறந்த சுமார் 23 லட்சம் ஜப்பானியப் படையினரில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் பட்டினியாலோ ஊட்டமின்றி வந்த நோயாலோ இறந்தவர்கள். ஹதா இகுஹிகோ போன்ற மற்ற வரலாற்றாசிரியர்கள் இதைவிடக் குறைவான எண்ணைச் சொல்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் லட்சக்கணக்கில்தான் நிற்கிறது.

வோட்ஜேயில் இறந்த ஒருவரின் நாட்குறிப்பு மிஞ்சியிருக்கிறது. பெயர் சாதோ தோமிகோரோ. கடற்படையில் சேர்க்கப்பட்டபோது மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், யார் இறந்தார் என்று கை ஓயும்வரை எழுதியிருக்கிறார். 1945 ஏப்ரல் 26 அன்று பட்டினியால் இறந்தார். வயது 39. உடன் இருந்த ஒரு நண்பர் அந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து குடும்பத்திடம் சேர்த்தார். மங்கிப்போன எழுத்துகளைப் பல பத்தாண்டுகள் கழித்து அகச்சிவப்புக் கதிர் கொண்டு படித்தார்கள். தந்தை புறப்பட்டபோது சிறு குழந்தையாக இருந்த மகன், எழுபது வயதைத் தாண்டியபின் அந்தத் தீவுக்குப் போனார். அந்தப் பயணத்தை ஓகாவா ஷியோரி என்ற இளம் இயக்குநர் ஆவணப்படமாக எடுத்தார், 2018இல் வெளிவந்தது. படத்தின் பெயர் 'தாரினாய்'.

மார்ஷல் தீவு மொழியில் அந்த ஒலிக்குப் பொருள் போர். ஜப்பானிய மொழியில் அதே ஒலிக்குப் பொருள் 'போதவில்லை'.